சைட்டுக்குப் போனால் மட்டும் வெல்டிங் மெஷின் படுத்துக்கொள்கிறது: கார்டு போச்சா, ஒயர் கோளாறா?

உசிலம்பட்டி கேட் வேலை | ஞாயிறு இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் கேட், கிரில், ஜன்னல் வேலை செய்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் 200 ஆம்ப்ஸ் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மெஷின் வாங்கினேன். என் கொட்டகையில் வைத்து அடித்தால் ஒரு குறையும் கிடையாது. 10 கேஜ் ராடு, 110 ஆம்ப்ஸ் வைத்தால் தண்ணி மாதிரி ஓடும்.

எழுமலை ரோட்டில் ஒரு வீட்டுக்கு காம்பவுண்ட் கேட் மாட்டப் போனேன். அங்கேதான் பிரச்சினை. ராடு வைத்தால் பிடிக்கிறது, இரண்டு அங்குலம் ஓடுவதற்குள் ஒட்டிக்கொள்கிறது. ஆம்ப்ஸைக் கூட்டினால் மஞ்சள் லைட் எரிந்து மெஷின் நின்றுவிடுகிறது. ஃபேன் ஓடுகிறது, டிஸ்பிளேயில் நம்பர் தெரிகிறது, ஆர்க் மட்டும் வருவதில்லை. ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் மறுபடி அதே கதை.

ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் கார்டு (உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு) போய்விட்டது, 4500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுவந்து போட்டால் நன்றாக ஓடுகிறது. கார்டு போயிருந்தால் இங்கேயும் ஓடக் கூடாதல்லவா? டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், அந்த வீட்டு பிளக்கில் பளிச்சென்று எரிகிறது. மல்டிமீட்டரில் 226 காட்டியது. கரண்ட் சரியாகத்தானே இருக்கிறது? புதன்கிழமைக்குள் கேட் முடித்துக் கொடுக்க வேண்டும்.

---

ஒத்தக்கடை ஒயர்மேன் | ஞாயிறு இரவு 9.48

தம்பி, 4500 ரூபாயைக் கையில் வைத்துக்கொள். கார்டைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

226 என்று எப்போது பார்த்தாய்? மெஷின் சும்மா நிற்கும்போதா, ஆர்க் எரியும்போதா? சும்மா இருக்கும்போது பார்த்த வோல்டேஜ் எதற்கும் ஆகாது. ஒயரில் நூறு இழையில் ஒரே ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 226 காட்டும். கன்டினியூட்டி வைத்தாலும் ‘பீப்’ சத்தம் வரும். அந்த ஓர் இழை வழியாக 20 ஆம்ப்ஸ் போகச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

டெஸ்டர் அதைவிட மோசம். நியான் விளக்கு எரிய மில்லி ஆம்பியரில் சிறு பங்கு போதும். டெஸ்டர் எரிந்தால் அந்த ஓட்டையில் பேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அந்த லைன் பாரம் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. நியூட்ரல் எங்காவது அறுந்திருந்து மெஷின் சுவிட்ச் ஆனில் இருந்தால் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். அதைப் பார்த்து ‘ரெண்டு பேஸ் வருது’ என்று குழம்புகிற ஆட்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் எத்தனை அடி, எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், நடுவில் ஜாயின்ட் இருக்கிறதா? இதை முதலில் சொல்.

---

உசிலம்பட்டி கேட் வேலை | ஞாயிறு இரவு 10.05

சும்மா இருக்கும்போதுதான் பார்த்தேன் அண்ணே. ஒயர் 100 அடி, 1.5 ஸ்கொயர், மூன்று கோர். நடுவில் ஒரு இடத்தில் லாரி டயர் ஏறி அறுந்தது, முறுக்கி டேப் சுற்றியிருக்கிறேன். முனையில் 16 ஆம்ப்ஸ் பிளக் டாப். கொட்டகையில் அந்த எக்ஸ்டென்ஷன் தேவைப்படாது, மெஷின் ஒயரையே நேராகச் சொருகிவிடுவேன்.

---

கப்பலூர் பட்டறை | ஞாயிறு இரவு 10.31

தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்ன வரியிலேயே பாதி விடை வந்துவிட்டது. கொட்டகையில் அந்த ஒயர் கிடையாது, சைட்டில் உண்டு.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். 110 ஆம்ப்ஸில் ஆர்க் வோல்டேஜ் சுமார் 24. இரண்டையும் பெருக்கினால் 2600 வாட்ஸுக்கு மேல் வருகிறது. மெஷினுக்குள் போகிற நஷ்டம், பவர் ஃபாக்டர் இரண்டையும் சேர்த்தால் லைனிலிருந்து 20 ஆம்ப்ஸ் இழுக்கும். பவர் ஃபாக்டர் திருத்தம் இல்லாத சாதாரண மெஷினுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். 20 ஆம்ப்ஸ் ஆனதுமே உங்கள் 16 ஆம்ப்ஸ் பிளக் டாப் எல்லையைத் தாண்டிவிட்டது.

அடுத்து ஒயர். 1.5 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு கிலோமீட்டருக்கு 13 ஓம்ஸ் சொச்சம் ரெசிஸ்டன்ஸ். 100 அடி என்றால் 30 மீட்டர், போக வர 60 மீட்டர். 0.8 ஓம்ஸ் வரும். 22 ஆம்ப்ஸ் ஓடினால் ஒயரிலேயே பதினேழு பதினெட்டு வோல்ட் கரைந்துவிடும். ஒயர் நல்ல செம்பாக, ஜாயின்ட் இல்லாமல், பிளக் புதிதாக இருந்தாலே இவ்வளவு போகும். உங்கள் ஜாயின்டும் பிளக்கும் இதற்கு மேல் எவ்வளவு தின்கின்றன என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

மெஷின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். 230 வோல்ட், கூட்டிக் குறைத்து 15 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் 195க்குக் கீழே போனால் அது ஒழுங்காக வேலை செய்யும் என்று கம்பெனி சொல்லவே இல்லை. மஞ்சள் லைட் எரிவது மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதால்தான்.

---

மேலூர் ஆயில் மெஷின் | திங்கள் காலை 6.15

எனக்கு வயது அறுபத்தி மூன்று. முப்பத்தைந்து வருஷமாக ஆயில் மெஷின்தான், அதாவது பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின். கார்டு கிடையாது, ஃபேன் கிடையாது, செம்பும் இரும்பும் எண்ணெயும் மட்டும். லைன் இறங்கினால் ஆர்க் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். இந்த இன்வெர்ட்டர் ஏன் அப்படியே படுத்துக்கொள்கிறது என்று எனக்கும் ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. யாராவது விளக்குங்கள்.

---

சிம்மக்கல் கார்டு ரிப்பேர் | திங்கள் காலை 8.40

ஐயா, நல்ல கேள்வி. உங்கள் டிரான்ஸ்பார்மர் மெஷினில் உள்ளே வருகிற வோல்டேஜ் குறைந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும். இழுக்கிற கரண்டும் கூடவே குறைந்துவிடும். இன்வெர்ட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. 110 ஆம்ப்ஸ் என்று வைத்தால் எப்பாடு பட்டாவது 110 கொடுக்கப் பார்க்கும். லைன் வோல்டேஜ் இறங்கினால் அதே பவருக்காக லைனிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும். அதிகமாக இழுத்தால் ஒயரில் இன்னும் வோல்டேஜ் கரையும். கரைந்ததால் மறுபடி அதிகமாக இழுக்கும். இப்படியே சரிந்து ஒரு கட்டத்தில் உள்ளே உள்ள பாதுகாப்பு சர்க்யூட் நிறுத்திவிடும். தம்பி ஆம்ப்ஸைக் கூட்டியதும் நின்றது இதனால்தான்.

கார்டு ரிப்பேர்தான் என் பிழைப்பு, அதையும் தாண்டிச் சொல்கிறேன். ‘சைட்டில் மட்டும் ஓடவில்லை’ என்று வருகிற மெஷின்களை என் மேஜையில் போட்டால் முக்கால்வாசி ஒழுங்காக ஓடும். அப்படி வந்தவர்களிடம் ஒயரைக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். அதே நேரம், குறைந்த வோல்டேஜில் மாதக்கணக்கில் கஷ்டப்பட்டு ஓட்டினால் ஒரு நாள் உள்ளே கரண்டைக் கையாளுகிற பாகங்களான பிரிட்ஜோ ஐஜிபிடியோ உண்மையாகவே போய்விடும். அதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள்.

---

வாடிப்பட்டி ஷட்டர் | திங்கள் காலை 9.02

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினை கொஞ்சம் வேறு. மெஷின் சுவிட்ச் போட்ட அந்த நொடியே எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்) விழுகிறது. ராடு இன்னும் தொடவே இல்லை. நான்கு தடவை போட்டால் ஒரு தடவை நிற்கும். நின்றுவிட்டால் அப்புறம் நாள் முழுக்க ஓடும். இதுவும் ஒயரா?

---

சிம்மக்கல் கார்டு ரிப்பேர் | திங்கள் காலை 9.25

வாடிப்பட்டி அண்ணே, எம்சிபி எப்போது விழுகிறது என்பதுதான் முதல் துப்பு. போட்ட நொடியே விழுந்தால் ஒரு காரணம், பத்து நிமிடம் அடித்த பிறகு விழுந்தால் வேறு காரணம். பத்து நிமிடம் கழித்து விழுவது பாரம் கூடி எம்சிபி சூடாவதால், இல்லாவிட்டால் எம்சிபியின் ஸ்குரூ லூசாக இருந்து அந்த இடம் சூடாவதால்.

போட்ட நொடி விழுவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருந்து சட்டென்று நிரம்பும்போது ஒரு கணம் ஏராளமாகக் கரண்ட் இழுக்கும். பி டைப் எம்சிபி தன் அளவைப்போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கிலேயே விழுந்துவிடும். சி டைப் ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை தாங்கும். வீட்டு லைட் சர்க்யூட்டுக்குப் போடுகிற பி டைப் மெஷினுக்கு ஒத்துவராது. எம்சிபி முகத்தில் பி16, சி20 என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

இரண்டாவது, உள்ளே உண்மையான ஷார்ட். அதைக் கண்டுபிடிக்க சீரீஸ் பல்ப் போதும். 100 வாட்ஸ் பழைய இழை பல்பைப் பேஸ் ஒயரில் வரிசையாக வைத்து மெஷினுக்குக் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்ப் இதற்கு ஆகாது. பல்ப் ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால் கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது, மெஷின் நல்லது. மங்கலாக விட்டு விட்டு எரிந்தாலும் பயமில்லை, உள்ளே ஃபேன் சப்ளை கிளம்பப் பார்க்கிறது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் பிரிட்ஜிலோ ஐஜிபிடியிலோ ஷார்ட் இருக்கிறது, எம்சிபியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் ரிப்பேருக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்றை எல்லாரும் மனதில் வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். சில மெஷினில் அது தானாக இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், இறக்கிவிடும் ரெசிஸ்டர் எரிந்திருந்தால் அதற்கு மேலும் நிற்கும். மீட்டர் வைத்துப் பூஜ்யம் வந்ததைப் பார்க்காமல் மூடியைத் திறந்து உள்ளே விரல் வைக்காதீர்கள்.

---

அலங்காநல்லூர் டிரெய்லர் | திங்கள் காலை 10.10

எனக்கும் இதுபோல ஒன்று இருந்தது. ஆனால் எம்சிபி இல்லை, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. மழை நாளில் இன்னும் அதிகம். ஒரு ஆள் வந்து மெஷின் ஒயரில் பச்சையை, அதாவது எர்த் ஒயரை, வெட்டிவிட்டார். அதிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. சுலபமான வழி, செய்து பாருங்கள்.

---

கப்பலூர் பட்டறை | திங்கள் காலை 10.22

அண்ணே, தயவுசெய்து அந்த மெஷினை இப்போதே நிறுத்துங்கள். இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பொறுப்புக்கு வந்த முதல் வருஷம். ஒரு மெஷினின் பிளக் டாப்பைப் பையன் ஒருவன் மாற்றினான், எர்த் பின்னில் ஒயர் மாட்டாமல் விட்டுவிட்டான். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ‘பாடியில் கை வைத்தால் சுருக்கென்று இழுக்குது அக்கா’ என்று ஹெல்பர் இரண்டு தடவை சொன்னான். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயில், உடம்பெல்லாம் வியர்வை, கையுறையும் நனைந்திருந்தது. ஒரு கையால் மெஷின் கைப்பிடி, இன்னொரு கையால் இரும்பு மேஜை. அவனைத் தூக்கி அடித்தது. நல்லவேளையாக விழுந்த வேகத்தில் கை விட்டுப்போனது. தோள்பட்டை எலும்பு நகர்ந்து மூன்று வாரம் வேலைக்கு வரவில்லை. இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறான், ஆனால் அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை.

அந்தச் சுருக் ஏன் வருகிறது என்றால், பெரும்பாலான இன்வெர்ட்டர் மெஷினின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்தால் பாடியில் சுமார் 115 வோல்ட் நிற்கும். அந்தக் கரண்ட் மிகச் சிறியது, சுருக்கென்பதோடு நின்றுவிடும். ஆனால் எர்த் இல்லை என்று மெஷின் உங்களுக்குச் சொல்கிற வழி அது. அதற்குப் பிறகு உள்ளே பேஸ் ஒயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டால் 230ம் அங்கே வந்துவிடும், எம்சிபியும் விழாது. ஆர்சிசிபி உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் விழுந்தது அண்ணே. பச்சை ஒயரை மாட்டுங்கள், அப்புறம் கசிவு எங்கே என்று தேடுவோம்.

---

அலங்காநல்லூர் டிரெய்லர் | திங்கள் காலை 11.40

மேடம், படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். பாடியில் சுருக்கென்பது எங்களுக்கும் உண்டு. இப்படி என்று தெரியாது. கசிவை எப்படித் தேடுவது?

---

ஒத்தக்கடை ஒயர்மேன் | திங்கள் மதியம் 1.15

எக்ஸ்டென்ஷன் ஒயரை மட்டும் சொருகுங்கள், மெஷின் வேண்டாம். ஆர்சிசிபி விழுந்தால் ஒயரில் கசிவு. மழைநாளில் அதிகம் என்றதால் என் சந்தேகம் அங்கேதான், ஜாயின்டில் ஈரம் இறங்கியிருக்கும். ஒயரில் விழவில்லை என்றால் மெஷினின் பின்பக்கம் ஒயர் நுழைகிற இடத்தைப் பாருங்கள். அந்த ரப்பர் கிளாண்டு உடைந்து தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்திருக்கும். டிரெய்லர் வேலையில் கிரைண்டர் தூசி அதிகம், அந்த இரும்புத்தூள் உள்ளே படிந்து ஈரம் பட்டாலும் கசியும். மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஒரே ஆர்சிசிபியில் மூன்று நான்கு மெஷின் மாட்டியிருந்தால் எல்லாருடைய சிறு கசிவும் சேர்ந்துகூட விழும், அப்படியானால் பிரித்து மாட்ட வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை வேலைப் பொருளில் சரியாகக் கடிக்க வைக்காமல் எங்கேயோ ஒரு மூலையில் போட்டுவிட்டு அடித்தால், வெல்டிங் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும். பக்கத்தில் இருக்கிற கிரைண்டர், டிரில்லிங் மெஷின் இவற்றின் பச்சை ஒயர் வழியாகவும் போகும். நூறு ஆம்ப்ஸ் அந்த மெல்லிய ஒயரில் போனால் உள்ளேயே கருகிவிடும், வெளியே தெரியாது. அதற்குப் பிறகு அந்த கிரைண்டருக்கு எர்த் கிடையாது. கிளாம்ப் எப்போதும் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், துருவைச் சுரண்டிய இரும்பில் இருக்க வேண்டும்.

உசிலம்பட்டித் தம்பி எங்கே? அளந்தாயா?

---

உசிலம்பட்டி கேட் வேலை | திங்கள் மாலை 6.50

அளந்தேன் அண்ணே. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சும்மா இருந்த ஓட்டையில் மீட்டர் முள்ளை வைத்து, அடிக்கிற நேரத்தில் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் கேட்டு மெயின் போர்டிலும் பார்த்தோம். அங்கே அவருடைய ஒயர்மேன்தான் முள்ளை வைத்தார்.

மெஷின் சும்மா நிற்கும்போது மூன்று இடத்திலும் 226. ஆர்க் எரியும்போது மெயின் போர்டில் 221, சுவர் பிளக்கில் 208, மெஷின் முனையில் 178.

178ஐப் பார்த்ததும் கார்டு போகவில்லை என்று உறுதியாகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் பிளக் டாப்பைக் கையால் தொட முடியவில்லை. டேப் சுற்றிய இடத்தில் டேப் இளகி வழிகிறது. பிளக்கைத் திறந்தால் நியூட்ரல் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறது. படம் போடுகிறேன்.

---

கப்பலூர் பட்டறை | திங்கள் இரவு 7.20

அருமையாக அளந்திருக்கிறீர்கள் தம்பி. இந்த மூன்று எண்ணே எங்கெங்கே திருட்டுப் போகிறது என்று சொல்லிவிடுகிறது.

சர்வீஸ் லைனில் 5 வோல்ட் இறங்குவது சகஜம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிளக்கிலிருந்து மெஷின் வரை 30 வோல்ட். நேற்றுப் போட்ட கணக்குப்படி ஒயருக்கே 18 போகும். மிச்சம் 12 வோல்ட் ஜாயின்டிலும் பிளக்கிலும் போகிறது. 12 வோல்ட், 22 ஆம்ப்ஸ் என்றால் 260 வாட்ஸ் வெப்பம். பத்து சோல்டரிங் அயர்னை ஒரு டேப்புக்குள்ளும் ஒரு பிளக்குக்குள்ளும் பொதிந்து வைத்த மாதிரி. டேப் இளகாமல் என்ன செய்யும்?

மெயின் போர்டிலிருந்து பிளக் வரை 13 வோல்ட் போவதையும் விடாதீர்கள். வீட்டுக்குள் பன்னிரண்டு மீட்டர், 2.5 ஸ்கொயர் என்று வைத்தால் நான்கு வோல்ட்தான் போக வேண்டும். மிச்சம் ஒன்பது எங்கேயோ ஒரு ஸ்குரூவில் இருக்கிறது. அது அந்த வீட்டுக்காரருக்கு ஆபத்து. நீங்கள் போன பிறகும் அந்தப் பிளக்கில் ஹீட்டரோ மோட்டாரோ போடுவார்கள்.

---

ஒத்தக்கடை ஒயர்மேன் | திங்கள் இரவு 7.55

அந்த வீட்டு ஒயர்மேனை நியூட்ரல் லிங்கைப் பார்க்கச் சொல். பித்தளைப் பட்டையில் ஸ்குரூ வைத்து வரிசையாக நியூட்ரல் ஒயர்கள் இருக்கும். அதில் ஒன்று கருத்திருக்கும் என்பது என் கணிப்பு. மெயினை இறக்கிவிட்டு, ஒயர் முனையைக் கருத்த இடம் வரை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்க வேண்டும். மீட்டர் பக்கமும் சீல் பக்கமும் நாம் யாரும் கை வைக்கக் கூடாது, அங்கே கோளாறு என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

உன் ஒயருக்கு வருகிறேன். 4 ஸ்கொயர், மூன்று கோர், ரப்பர் தோல் வாங்கு. பிவிசி தோல் சித்திரை வெயிலில் இளகும், தீப்பொறி பட்டால் ஓட்டை விழும். மதுரை மாசி வீதிப் பக்கம் வாங்கும்போது ஓர் இழையை நகத்தால், இல்லாவிட்டால் பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. அலுமினியம் செம்பில் அறுபது சதவீதம்தான் கரண்ட் கடத்தும். விலை குறைவு என்று அதை வாங்கினால் திரும்ப இதே இடத்துக்கு வந்து நிற்பாய்.

முனைகளில் ஈயம் வைத்துப் பற்றாதே. நிறையப் பேர் நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள். ஸ்குரூவின் அழுத்தத்தில் ஈயம் நாளாவட்டத்தில் நசுங்கி இடம் கொடுத்துவிடும், ஸ்குரூ தானாக லூசாகும். இழைகளுக்குக் குழாய் லக் போட்டு கிரிம்பிங் பிளையரால் அழுத்து. நூறு அடியில் ஜாயின்ட் ஒன்றுகூட வேண்டாம். பிளக்குக்கு 32 ஆம்ப்ஸ் நீலநிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் செட் வாங்கி உன் கொட்டகையில் மாட்டு. வீட்டு சைட்டுகளில் 16 ஆம்ப்ஸ் ஓட்டைதான் கிடைக்கும். அங்கே 12 கேஜ் ராடு, 75, 80 ஆம்ப்ஸ், அதற்கு மேல் இழுக்காதே. வீட்டுக்காரருடைய சாக்கெட்டை எரிப்பது நமக்கு நல்லதில்லை.

ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டு பத்து அடி மட்டும் இழுத்து அடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. முழுவதையும் பிரித்துப் போட்டுவிட வேண்டும்.

---

மேலூர் ஆயில் மெஷின் | செவ்வாய் காலை 6.05

ஒரு மாற்றுக் கருத்து. கரண்ட் ஒயரை நூறு அடி இழுப்பதைவிட, மெஷினைப் பிளக் பக்கத்தில் வைத்துவிட்டு வெல்டிங் கேபிளை நீளமாக இழுப்பது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்வோம். கல் குவாரிப் பக்கம் வேலைக்குப் போனால் கூர்க்கல், லாரி, தண்ணீர் எல்லாம் இருக்கும். 230 வோல்ட் ஒயரை அதன் மேல் போட்டு இழுக்க எனக்கு மனசு வராது. வெல்டிங் கேபிளில் சும்மா இருக்கும்போது 80 வோல்ட்தான்.

---

கப்பலூர் பட்டறை | செவ்வாய் காலை 8.30

ஐயா, பாதுகாப்பு என்று பார்த்தால் உங்கள் பக்கம்தான் நியாயம். வோல்டேஜ் கணக்கு மட்டும் வேறு மாதிரி. 4 ஸ்கொயர் ஒயரில் முப்பது மீட்டருக்கு 6 வோல்ட் போனால் அது 230ல் 6. 25 ஸ்கொயர் செம்புக் கேபிளை அதே முப்பது மீட்டர், ஹோல்டருக்கும் கிளாம்புக்கும் இழுத்தால் 110 ஆம்ப்ஸில் 5 வோல்ட் போகும், அது ஆர்க்கின் 24ல் 5. இன்வெர்ட்டர் ஓரளவு ஈடுகட்டும், அதற்கும் எல்லை உண்டு. கேபிளின் விலையும் எடையும் வேறு. ஏழு கிலோ மெஷினைத் தூக்கிக்கொண்டு வேலைப் பக்கத்தில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் கரண்ட் ஒயரைத் தரையில் போடாமல் கம்பத்தில் தொங்கவிட்டு, ஒயர் தொடங்குகிற இடத்தில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி வைத்துத்தான் இழுப்போம்.

---

மேலூர் ஆயில் மெஷின் | செவ்வாய் காலை 8.52

உங்கள் மெஷினுக்கு அது சரி அம்மா. என் மெஷின் தொண்ணூறு கிலோ, தள்ளுவண்டியில்தான் நகரும். அதனால் நான் கேபிளை இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆயில் மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் ஒரு விஷயம். டெர்மினல் மூடிக்குள் லிங்க் பட்டைகள் இருக்கும், 230க்கு ஒரு மாதிரி, இரண்டு பேஸ் 415க்கு ஒரு மாதிரி. பழைய மெஷினை வாங்கி வந்ததும் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். 415 லிங்கில் இருப்பதை 230ல் மாட்டினால் 80 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 44தான் வரும், ராடு பற்றவே பற்றாது. மெஷின் செத்துவிட்டது என்று காயலான் கடைக்குப் போட்டவரை எனக்குத் தெரியும். 230 லிங்கில் இருப்பதை 415ல் மாட்டினால் கட்டவுட் பியூஸ் தெறிக்கும். அப்போது பியூஸ் கம்பியைத் தடிமனாகப் போட்டால் சுருள் எரிந்துவிடும். பியூஸ் போனால் தடிமனான கம்பி போடாதீர்கள், ஏன் போனது என்று பாருங்கள்.

---

வாடிப்பட்டி ஷட்டர் | செவ்வாய் மதியம் 12.30

சீரீஸ் பல்ப் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று ஒரு தடவை, அப்புறம் மங்கி விட்டு விட்டு எரிந்தது. மெஷின் நல்லது. எம்சிபி பி16. சி32 வாங்கிப் போட்டுவிடலாமா?

---

ஒத்தக்கடை ஒயர்மேன் | செவ்வாய் மதியம் 1.05

பொறுங்கள். எம்சிபி காப்பாற்றுவது மெஷினை இல்லை, சுவருக்குள் இருக்கிற ஒயரை. சுவரில் 2.5 ஸ்கொயர் என்றால் 20க்கு மேல் போடக் கூடாது, சி20 போடுங்கள். 4 ஸ்கொயருக்கு 25, 6 ஸ்கொயருக்கு 32 என்பது என் அளவு. சி32 வேண்டுமென்றால் மெயினிலிருந்து 6 ஸ்கொயரில் தனி லைன் இழுத்துவிட்டு மாட்டுங்கள்.

---

உசிலம்பட்டி கேட் வேலை | புதன் இரவு 8.40

கேட் மாட்டியாகிவிட்டது. நியூட்ரல் லிங்கில் இரண்டாவது ஸ்குரூ, ஒத்தக்கடை அண்ணன் சொன்னது போலவே கருத்துப்போயிருந்தது. ஒயர்மேன் வெட்டிச் சீவி இறுக்கினார். 4 ஸ்கொயர் ரப்பர் ஒயர் முப்பது மீட்டர் வாங்கினேன், கடையிலேயே சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் சிவப்பு. பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு ராடு மட்டும் 110ல் அடித்து அளந்தோம். மெயின் போர்டில் 221, பிளக்கில் 216, மெஷின் முனையில் 210. மஞ்சள் லைட் எரியவில்லை. மிச்ச வேலை முழுவதும் 12 கேஜில் 80 வைத்துத்தான் அடித்தேன். பிளக்கைக் கடைசியில் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான். வீட்டுக்காரர் போர்டைப் பார்த்துவிட்டு ஒயர்மேனுக்கு அவரே கூலி கொடுத்தார்.

மெஷினைத் திறக்கவே இல்லை. அக்கா, அண்ணே, ஐயா எல்லாருக்கும் நன்றி.

பழைய 1.5 ஒயரை என்ன செய்வது? தூக்கிப் போட மனசில்லை.

---

ஒத்தக்கடை ஒயர்மேன் | புதன் இரவு 9.10

ஜாயின்ட் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அடி விட்டு வெட்டி எடுத்துவிடு. இரண்டு துண்டு கிடைக்கும். புது பிளக் போட்டு ஒன்றை நான்கு இஞ்ச் கிரைண்டருக்கும் இன்னொன்றை லைட்டுக்கும் வைத்துக்கொள். கிரைண்டர் நான்கு ஆம்ப்ஸ்தான் இழுக்கும், அதற்கு அது தாராளம். இரண்டிலும் பெயின்டால் ‘வெல்டிங்குக்கு இல்லை’ என்று எழுதி வை, தம்பி அவசரத்தில் எடுத்துச் சொருகிவிடுவான்.

---

அலங்காநல்லூர் டிரெய்லர் | புதன் இரவு 9.35

பச்சை ஒயர் மாட்டிவிட்டேன். மாட்டியதும் ஆர்சிசிபி விழுந்தது. பின்பக்கத் தகரம் ஒயரை அறுத்திருந்தது, பேஸ் ஒயரின் செம்பு வெளியே தெரிந்தது. பாடிக்கும் அதற்கும் ஒரு நூல் இடைவெளி. கிளாண்டு மாற்றி, ஒயரை அரை அடி வெட்டித் திரும்ப மாட்டினேன். இப்போது விழவில்லை, பாடியில் கை வைத்தால் சுருக்கும் இல்லை. மேடம், உங்கள் பதிவை எங்கள் ஷெட்டில் இருக்கிற ஐந்து பேருக்கும் வாசித்துக் காட்டினேன்.

---

கப்பலூர் பட்டறை | புதன் இரவு 9.50

ரொம்ப சந்தோஷம் அண்ணே. உங்கள் எர்த் குழியில் வெயில் காலம் முழுக்க வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் பங்குனியிலேயே மண் காய்ந்துவிடும்.